தலைவர் கையில் நுரை

கொரோனா ஊரையே முடக்கியிருந்த நேரம். ஏரியைத் தூர்த்துப் பஸ் நிலையம் கட்டிய பேரூராட்சித் தலைவர், தெருத்தெருவாகக் கை கழுவக் குழாய் வைத்தார். ஒன்றிலும் தண்ணீர் வரவில்லை.

சிறந்த பேரூராட்சி விருதுக்காகப் பார்வையிடும் குழு வருகிற அன்று துப்புரவுப் பணியாளர் பட்டம்மாளைக் கூப்பிட்டு, "குழாயில தண்ணி வந்தாகணும். இல்லன்னா நாளையிலேருந்து வேலைக்கு வராதே" என்றார்.

"ஐயா கையால திறந்தா வராமலா போயிடும்?" என்றாள் அவள்.

உச்சி குளிர்ந்த தலைவர், குழுவின் முன்னால் கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி முழங்கைவரை சோப்பு போட்டுக் குழாயைத் திருகினார். காற்றுதான் வந்தது.

"எப்பவுமே இப்படித்தானா?" என்று பட்டம்மாளைக் கேட்டார் குழுத் தலைவி.

"முன்னெல்லாம் ஏரியிலேருந்து தண்ணி வருங்கம்மா. இப்போ பஸ்தான் வருது."

மறுநாளே தண்ணீர் லாரி வந்தது. பட்டம்மாள் ஓடினாள். போன வாரம் கொரோனாவில் செத்துப்போன பக்கத்து வீட்டுப் பூங்காவனத்தின் குடத்தையும் பழக்கதோஷத்தில் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள்.