வரதராஜுலு எழுதாத தப்பு

கோயம்புத்தூர் கண்காட்சியில் ஜெசிந்தா ஒரு சின்ன மேசைதான் போட்டிருந்தாள். அவளும் நண்பர்களும் எழுதிய, சர்க்யூட் போர்டு வடிவமைக்கும் மென்பொருளை யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம்.

எதிர் அரங்கு வரதராஜுலுவுடையது. அதே வேலைக்கான மென்பொருளை விலைக்கு விற்பவர். தன் வாடிக்கையாளர்கள் இவள் மேசைப் பக்கம் நகர்வதைப் பார்த்ததும் அவருக்குப் பொறுக்கவில்லை. விறுவிறுவென்று வந்தார்.

“இது எங்க சரக்கு! ஒரு வரி விடாம நாங்க எழுதினது. திருடிட்டு வந்து சும்மா குடுக்கறியா? இப்பவே இணையத்துல இருந்து எடுத்துடு!”

கூட்டம் கூடிவிட்டது. அவருடைய மென்பொருளைக் காலையிலேயே ஓட்டிப் பார்த்திருந்த ஜெசிந்தா பதறவில்லை.

“ரெண்டும் ஒண்ணுதாங்க, ஒத்துக்கறேன். அப்ப அந்தத் தப்பும் நீங்க எழுதினதுதானுங்களா?”

“எந்தத் தப்பு?”

“போர்டைத் திருப்பிப் போட்டா கரண்ட் போற ரெண்டு செம்புத் தடம் ஒட்டிக்கிட்டு ஷார்ட் ஆயிடுமே, அதுங்க.”

பம்ப் கம்பெனி முதலாளி ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். “ஓஹோ! வரதராஜுலு, உங்களை நம்பிப் போட்ட போர்டெல்லாம் புகைஞ்சு போச்சே! அதை எழுதினது உங்க ஆளா?”

வரதராஜுலு அவசரமாக இரண்டு கையையும் விரித்தார். “ஐயோ, எங்க ஆளுங்க எழுதினதே இல்லைங்க! அதை இந்தப் பொண்ணுகிட்ட இருந்து அப்படியே...”

சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார். அரங்கமே சிரித்தது.

“நாங்க அதைப் போன மாசமே சரி பண்ணிட்டோங்க,” என்றாள் ஜெசிந்தா. “சரி பண்ணினதையும் எடுத்துக்கங்க. இந்தத் தடவை யார் எழுதினதுன்னு பேரைப் போட்டுடுங்க.”

பம்ப் முதலாளி ஒரு நாற்காலியை இழுத்து, அவள் மேசை முன்னால் போட்டு உட்கார்ந்தார்.