திருகாணி ஏன் சொன்னவுடன் வருவதில்லை

இரும்பெல்லாம் வாய் திறந்து பேசிய அந்தக் காலத்தில், திருகாணியைக் கழற்ற யாரும் மூச்சைப் பிடிக்கத் தேவையில்லை. உள்ளே ஏற்றத்தான் திருப்புளி. வெளியே எடுக்க ஒரு வார்த்தை போதும். "வா" என்றால் சுற்றிச் சுற்றி வந்து உள்ளங்கையில் விழும். கூப்பிட்டது காரின் சொந்தக்காரனா, களவாட வந்தவனா என்றெல்லாம் கேட்காது. அப்படியொரு வெள்ளந்திப் பிறவி.

மலையடிவாரத்து ஊர் ஒன்றில் வேலுத்தாய் என்று ஒருத்தி வாடகைக் கார் ஓட்டினாள். தேயிலைத் தோட்டத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு மலை இறங்குவது அவள் பிழைப்பு. அந்தக் காரின் சக்கரத்துக்கு உள்ளே, பிரேக் கட்டை உரசி வண்டியை நிறுத்துகிற பிரேக் டிரம்மைப் பிடித்துக்கொண்டு ஒரு திருகாணி இருந்தது. தலை சுண்டுவிரல் நகம் அளவுதான். ஒவ்வொரு வளைவிலும் அவள் பிரேக்கை மிதிக்கும்போது டிரம் கொதிக்கும், கூடவே அதுவும் கொதிக்கும். பின்சீட்டில் பிள்ளைகள் தூங்கிக்கொண்டு வருவார்கள். அந்த வேலையில் அதற்கு ஒரு திமிர் உண்டு. இருக்கத்தானே செய்யும்?

ஒரு நாள் ஆயில் மாற்றச் சொல்லி, சித்தநாதனின் பட்டறையில் காரை விட்டுவிட்டு வேலுத்தாய் சந்தைக்குப் போனாள். சித்தநாதன் வேலையில் கெட்டிக்காரன், ஆனால் கை சுத்தமில்லை. பெரிய மனிதர் ஒருவருடைய காரிலிருந்து கழற்றிய டிரம், விரிசல் விட்டு அவன் பட்டறையில் கிடந்தது.

"இவ டிரம்ம எடுத்து அவருக்குப் போட்டுருவோம். விரிசலுக்கு மேல கறுப்புப் பெயிண்ட அடிச்சு இவ வண்டியில ஏத்திருவோம். பொம்பளைக்கு என்ன தெரியப் போவுது" என்று முணுமுணுத்துக்கொண்டே விரிசல் டிரம்முக்குப் பெயிண்ட் அடித்து வைத்துவிட்டுக் காரைத் தூக்கி நிறுத்தினான். சக்கரத்து நட்டுகளை "வாங்கடா" என்றான். மடமடவென்று வந்து விழுந்தன. சக்கரத்தை உருவிப் போட்டுவிட்டுத் திருகாணியைப் பார்த்து "வா" என்றான்.

திருகாணிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. விரிசல் டிரம்மோடு மலை இறங்கினால் என்ன ஆகும் என்று அதற்குத் தெரியாதா?

"வரமாட்டேன்."

சித்தநாதன் காதைக் குடைந்துகொண்டான். "என்ன சொன்ன?"

"வரமாட்டேன்னேன். ஒன்னால ஆனதப் பாத்துக்க."

அதுவரைக்கும் எந்தத் திருகாணியும் அப்படிச் சொன்னதில்லை. முதலில் கொஞ்சினான். பிறகு திட்டினான். கடைசியில் திருப்புளியை எடுத்து அதன் தலை வெட்டில் வைத்து வெளிப்பக்கமாக முறுக்கினான். திருகாணி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது. ஆனால் எத்தனை நேரம் நிற்க முடியும்? அதன் மரைச்சுற்று மெல்ல நழுவத் தொடங்கியது.

டிரம் விளிம்பில் துரு ஒட்டிக்கொண்டிருந்தது. இரும்பைத் தின்கிற துருவை அப்போதெல்லாம் எந்தத் திருகாணியும் பக்கத்தில் சேர்க்காது. ஆனால் இந்தத் திருகாணி கூப்பிட்டது.

"ஏ துரு, உள்ள வா. என்னைத் தின்னுக்க. ஆனா இவன் இழுக்கிற பக்கம் நகரவிடாமப் பிடி."

துரு சிரித்தது. "நான் பிடிச்சா விடமாட்டேன் தம்பி. அப்புறம் அந்தம்மாவே வந்து கூப்பிட்டாலும் நீ போக முடியாது."

"அதை அப்பப் பாத்துக்கலாம். இப்பப் பிடி."

துரு மரைக்குள் புகுந்தது. சித்தநாதன் முழு பலத்தையும் போட்டு முறுக்கினான். திருப்புளி வழுக்கியது, வெட்டு மழுங்கியது, அவன் விரல் முட்டி டிரம்மில் இடித்துத் தோல் உரிந்தது. உளியால் அடித்தான். திருகாணியின் முகமே சிதைந்துபோனது. அது அசையவில்லை.

அந்த நேரத்தில் வேலுத்தாய் பையோடு வந்து நின்றாள்.

"ஆயிலு மாத்தத்தானண்ணே சொன்னேன், சக்கரத்தை எதுக்குக் கழட்டுன?"

"டிரம்ம லேசா சுத்தம் பண்ணலாம்னு பாத்தேன்த்தா."

"சுத்தம் பண்றதுக்குப் பக்கத்துல இன்னொரு டிரம் எதுக்குண்ணே? பெயிண்டு வேற காயலை."

சித்தநாதன் தலையைச் சொறிந்தான். வேலுத்தாய் சக்கரத்தைத் தானே மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

மழைக்காலம் போனது. பிரேக் கட்டை தேய்ந்துவிட்டது. மாற்ற வேண்டுமென்றால் டிரம் கழல வேண்டும், கழலாவிட்டால் இனி மலை இறங்க முடியாது. வேலுத்தாய் தன் வீட்டு வாசலில் சக்கரத்தைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்து "வா ராசா" என்றாள்.

"வர முடியல தாயி. அந்தத் திருட்டுப்பயலுக்காகத் துருவை உள்ள விட்டேன். இப்ப அது விடமாட்டேங்குது" என்றது திருகாணி. பட்டறையில் நடந்ததெல்லாம் சொன்னது. கெஞ்சவில்லை. "திரும்ப வந்தான்னா திரும்பவும் அதையேதான் செய்வேன்" என்றது.

வேலுத்தாய் மழுங்கிய தலையைத் துடைத்து, ரம்பத்தால் புது வெட்டு ஒன்று போட்டாள். மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்தாள். சுத்தியலால் பதமாகத் தட்டினாள். திருப்புளியை அழுத்தி, உள்பக்கமாகத் திருப்பினாள்.

"கழட்ட வந்துட்டு இறுக்குற?" என்றது திருகாணி.

"எனக்காக நின்னவன் நீ. ஒன்ன இழுத்துப் பறிக்க எனக்கு மனசு வருமா?"

துரு வெளிப்பக்கத்தைத்தான் முட்டுக் கொடுத்துக் காத்துக்கொண்டிருந்தது. உள்பக்கம் அசையும் என்று அது நினைக்கவே இல்லை. கிறீச்சென்று ஒரு சத்தம், பிடி உடைந்தது. அதற்குப் பிறகு திருகாணி தானாகவே மெல்ல மெல்ல வெளியே வந்தது. கட்டை மாற்றியதும் அவள் அதையே திரும்ப ஏற்றினாள்.

"இனிமே வாயால கூப்பிட்டா யாருக்கும் வரமாட்டேன், ஒனக்கும்தான்" என்றது திருகாணி.

"வராத" என்றாள் அவள்.

சேதி பட்டறை பட்டறையாகப் பரவியது. அன்று முதல்தான் எந்தத் திருகாணியும் சொல்லுக்கு வெளியே வருவதில்லை, ஒவ்வொன்றும் துருவை உள்ளே விட்டுக்கொண்டு முறைத்துக்கொண்டு நிற்கிறது. அன்று முதல்தான் விவரம் தெரிந்த மெக்கானிக் ஒவ்வொருவரும், பிடித்துக்கொண்ட திருகாணியை முதலில் உள்ளே கொஞ்சம் இறுக்கிவிட்டுப் பிறகு கழற்றுகிறார். திருட வந்தவன் எவனும் முதலில் இறுக்கமாட்டான் என்பது அதற்குத் தெரியும்.