ஆடிய பாக்கு மரம்

குளக்கரையில் ஒல்லியாக, உயரமாக ஒரு பாக்கு மரம் நின்றது. அதன் உச்சியில் கடுவன் என்ற குரங்கும், அதன் மனைவி செம்பியும் நடுங்கிக்கொண்டிருந்தன. செம்பியின் வயிற்றைக் குட்டி இறுகக் கட்டிப்பிடித்திருந்தது. தண்ணீர் குடிக்க வந்த குரங்குகளை இரண்டு செந்நாய்கள் துரத்தியதால், அவை கிடைத்த மரத்தில் ஏறிவிட்டன. தாவிப் போகப் பக்கத்தில் வேறு மரமே இல்லை.

"இறங்கித்தானே ஆக வேண்டும்!" என்று உறுமிய ஆண் செந்நாய், ஓடி வந்து மரத்தில் மோதியது. கண்டபடி மோதியதால் மரம் அதிர்ந்ததே தவிர ஆடவில்லை.

"தள்ளிப் போ! உனக்குப் பலம் இருக்கிறது, பொறுமை இல்லை" என்றது பெண் செந்நாய். அது முன்னங்கால்களை ஊன்றி மெல்லத் தள்ளியது. மரம் குளத்துப் பக்கம் சற்றே சாய்ந்து திரும்பியது. மீண்டும் குளத்தை நோக்கிக் கிளம்பியபோது மட்டும் இன்னொரு தள்ளு. பிறகு காத்திருந்தது.

"இந்தத் தள்ளுக்கா மரம் விழும்?" என்றது ஆண் செந்நாய்.

"மரம் போகிற நேரம் பார்த்துத் தள்ளினால், ஒவ்வொரு தள்ளும் முந்தையதோடு சேர்ந்துகொள்ளும். பார்!"

உச்சி ஒரு முழம் ஆடியது. பிறகு ஓர் ஆள் நீளம் ஆடியது. கீழே தண்ணீர் தெரிந்தது, அடுத்துச் செந்நாய்களின் பற்கள் தெரிந்தன. மழையில் ஊறிய மண் வேரடியில் விண்டது. குட்டி வீறிட்டது.

"அசையாதே! கெட்டியாகப் பிடி!" என்று கத்தியது கடுவன்.

"பிடித்தால் மரத்தோடு விழுவோம்!" என்றது செம்பி. "காய் கனத்த கிளை மெல்ல ஆடும், காய் உதிர்ந்தால் படபடவென்று ஆடும். நம் பாரம் உச்சியில் இருக்கிறது. இறங்கினால் மரத்தின் ஆட்டம் மாறும். அந்த நாய்க்கு நேரம் தவறும்!"

"கீழேயா? அந்த நாய்களின் வாய்க்கா?"

"அவற்றின் பாய்ச்சலுக்கு எட்டாத உயரம் வரைதான். வாருங்கள்!"

செம்பி குட்டியோடு சறுக்கி இறங்கியது. கடுவனுக்குக் கால்கள் வரவில்லை. ஆனால் தனியாக இருக்கவும் மனம் வரவில்லை. அதுவும் இறங்கியது.

ஆண் செந்நாய் எம்பிக் குதித்தது. செம்பியின் வாலுக்குக் கீழே பற்கள் 'கடக்' என்று மூடின!

செம்பி அசையவில்லை.

மரம் வேகமாக ஆடத் தொடங்கியது. பெண் செந்நாயோ பழைய நேரத்திலேயே தள்ளியது. திரும்பி வந்த மரம் அதன் தோளில் அறைந்தது. ஆட்டம் சட்டென்று குறைந்தது.

"ஒழுங்காகத் தள்ளு!" என்று கத்தியது ஆண் செந்நாய்.

"தள்ளுகிறேன்! மரம் மாறிவிட்டது!"

சிறிது நேரத்தில் பெண் செந்நாய் புதிய ஆட்டத்தின் நேரத்தையும் பிடித்துவிட்டது. மரம் மறுபடி சாய்ந்தது.

"மேலே ஏறுங்கள்!" என்றது செம்பி.

குரங்குகள் ஏறின. தள்ளு மறுபடி தவறியது. மரம் அதே தோளில் மோதியது. பெண் செந்நாய் ஊளையிட்டு உட்கார்ந்தது.

"உன் பொறுமையை நம்பி என் பசி கூடியதுதான் மிச்சம்!" என்று சீறிவிட்டு நடந்தது ஆண் நாய். பெண் நாயும் நொண்டியபடி பின்னால் போனது.

காலடிச் சத்தம் முழுவதும் அடங்கிய பிறகே குரங்குகள் இறங்கின. அடர்ந்த காட்டின் பெரிய மரத்துக்கு வந்த பின்னும், குட்டி தன் பிடியைத் தளர்த்தவே இல்லை.

நம் அசைவின் நேரத்தை எதிரி கண்டுகொண்டால், பயந்து ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டிருப்பதைவிட, அசைவையே மாற்றிக்கொள்வதுதான் பிழைக்கும் வழி.