கைக்கட்டும் கழற்றிய மூடியும்

ஆத்தூர்ப் பக்கம் ஒரு சேமியா ஆலை. அங்கே யாருக்காவது அடிபட்டால் அதைப் பதிவேட்டில் எழுதி, மறுநாள் காலை வேலை தொடங்கும் முன் எல்லாரையும் நிற்கவைத்து உரக்க வாசிப்பார்கள். கேட்கிறவர்கள் கவனமாக இருக்கட்டும் என்று வந்த வழக்கம். முதலுதவிப் பெட்டியும் பதிவேடும் மரகதத்தின் பொறுப்பு.

ஒரு நாள் எல்லாரும் சாப்பிடப் போன நேரம். மாவு பிசையும் இயந்திரத்தின் முன் நின்ற ஜோதிமணி கண் செருகி, கைகால் வெட்டிச் சாய்ந்தாள். ஒரு கை உள்ளே போய்விட்டது. மாவு கொட்டத் தோதாக இருக்கட்டும் என்று கழற்றிய மூடி சுவரில் சாய்ந்து கிடந்தது. மரகதமும் மேஸ்திரி பழனியப்பனும் கணக்கர் ஸ்டீபனும் ஓடிப்போய் இயந்திரத்தை நிறுத்தியதால் விரல்கள் கிழிந்ததோடு போயிற்று.

கட்டுப் போட்டதும் ஜோதிமணி மரகதத்தின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, வலிப்புன்னு தெரிஞ்சா ஒருத்தியும் எம் பக்கத்துல உக்காந்து சோறு திங்கமாட்டா. நாளைக்கும் வேலைக்கு வந்துருவேன். வராட்டி ஏன்னு தோண்டுவாங்க."

"ஆலை டாக்டருக்காவது சொல்லணும்டி. இல்லாட்டி உன்னைத் திரும்பவும் அந்த மெஷினுக்கே அனுப்புவாங்க."

நெடுநேரம் அழுதுவிட்டு, "அவருக்கு மட்டும்," என்றாள்.

டாக்டரிடம் சொல்லிவிட்டு வந்து, சாயங்காலம் பதிவேட்டைத் திறந்த மரகதத்துக்குக் கை ஓடவில்லை.

"பேரை விட்ரும்மா," என்றார் மேஸ்திரி. "ஒரு தொழிலாளிக்கு வலிப்பு வந்து கை சிக்கியதுன்னு எழுது. உண்மையும் ஆச்சு, அவ மானமும் தப்புச்சு."

"வலிப்பே வேண்டாங்க," என்றார் ஸ்டீபன். "பேரைப் போட்டு, எண்ணெய் கிடந்து வழுக்கிட்டான்னு எழுதிரலாம். பாவம், புள்ள."

"தரை துடைக்கிற பாவாயி மட்டும் யாரு பெத்த புள்ளையாம்?" என்றாள் மரகதம். "ஜோதிமணி சாய்ந்தபோது, மூடி இல்லாத இயந்திரத்தில் கை சிக்கியது. அம்புட்டுத்தான் எழுதப்போறேன்."

மேஸ்திரி முகம் சுருங்கியது. மூடியைக் கழற்றச் சொன்னவர் அவர். "ஏன் சாஞ்சான்னு எழுதாம விட்டா, அது மறைக்கிறது இல்லையா?" என்றார்.

மரகதத்துக்கும் அந்தக் கேள்வி நெஞ்சில் முள்ளாகத்தான் இருந்தது.

இந்த மூவரில் யார் சொன்னபடி எழுதினால் ஜோதிமணிக்கும் நல்லது, மற்றவர்களுக்கும் நல்லது? கீழே எட்டிப் பார்க்காமல் சொல்லுங்கள் பார்ப்போம்.

விடை: மேஸ்திரி மறைக்கச் சொன்னது பெயரை மட்டும்தான். கட்டுப் போட்ட கை வரிசையில் வந்து நின்றால் பெயர் தானே தெரிந்துவிடும். வலிப்பும் கூடவே அம்பலமாகும். ஸ்டீபனின் இரக்கத்தில் பழி பாவாயி தலையில் விழும், மூடியோ சுவரிலேயே கிடக்கும். மரகதம் சொன்னதே சரி. மூடி இருந்திருந்தால் யார் எதனால் சாய்ந்தாலும் கை உள்ளே போயிருக்காது. ஊருக்கு வேண்டியது அந்த ஒரு சேதி. நோய், டாக்டர் அறிய வேண்டியது; அவரிடம் சொல்லியாயிற்று.

மறுநாள் வாசித்து முடித்ததும் வரிசையில் ஒருத்தி, "ஏன்டி சாஞ்சே?" என்று கேட்டுவிட்டாள். ஜோதிமணிக்கு முகம் வெளுத்தது.

"மூடி எங்கேன்னு கேளுங்கடி," என்றாள் மரகதம். எல்லாத் தலைகளும் மேஸ்திரி பக்கம் திரும்பின.