தண்ணீர்த்தொட்டி மேல் நிற்கும் போர் விமானம்

தெளிவூரணிக்கு டிக்கெட் கேட்டால் எந்தக் கண்டக்டருக்கும் புரியாது. 'பீரங்கிக்கு அடுத்த ஸ்டாப்' என்றால்தான் கிழித்துக் கொடுப்பார். பக்கத்து ஊரான ஆவரங்குடிக்காரர்கள் ராணுவம் கழித்துப் போட்ட பீரங்கி ஒன்றை எப்படியோ வாங்கிவந்து தங்கள் பஸ் ஸ்டாப்பில் நிறுத்திவிட்டார்கள். அன்றிலிருந்து அது பீரங்கி ஸ்டாப். தெளிவூரணி அதற்கு அடுத்தது, அவ்வளவுதான்.

பஞ்சாயத்துத் தலைவர் வெள்ளைக்கண்ணுவுக்கு இது பொறுக்கவில்லை. ஆவரங்குடித் தலைவர் சேதுக்கரசு முன்னாலேயே மீசையைத் தொட்டுச் சபதம் போட்டார்.

"ஆடி முடியறதுக்குள்ள எங்க ஸ்டாப்புல சண்டை விமானம் நிக்கும். நிக்கலேன்னா இந்த மீசை இருக்காது."

தெளிவூரணியில் பெருமையாகச் சொல்லிக்கொள்ள இருந்ததே அந்த மீசை ஒன்றுதான். இரண்டு பக்கமும் காதைப் போய்த் தொடும். அதனால் ஊரே கவலையில் விழுந்தது.

அந்த ஊரில் பிறந்து, விமானப்படையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற அடைக்கலம் என்பவர் தாம்பரத்தில் இருந்தார். அவருக்கு டைகாஸ்ட் விமானம் சேர்க்கிற பைத்தியம். அதாவது, அசல் போர் விமானத்தை எழுபத்திரண்டில் ஒரு பங்காகச் சுருக்கி, உலோகத்தில் வார்த்த உருவங்கள். கண்ணாடி அலமாரியில் வைத்து, கும்பிடாத குறையாகப் பார்த்துக்கொள்வார். தலைவர் போன் செய்து ஊருக்கு ஒரு சண்டை விமானம் வேண்டும் என்றதும் மனிதர் உருகிப்போனார்.

"என்கிட்ட இருக்கிறதுலயே நல்லதா அனுப்புறேன். வியாழக்கிழம கூரியர்ல வந்துரும்."

விமானம் வந்தால் இறங்க வழி வேண்டுமல்லவா? ரெக்கை இடிக்கக் கூடாதென்று பஸ் ஸ்டாப் நிழற்குடையின் கூரையைக் கழற்றினார்கள். சக்கரம் தட்டக் கூடாதென்று வேகத்தடையை வெட்டி எடுத்தார்கள். வியாழக்கிழமை ஊரே வானத்தைப் பார்த்தபடி வெயிலில் நின்றது. கூரியர்காரர் மொபெட்டில் வந்து ஹாரன் அடித்தார்.

"ஓரமாப் போய்யா! விமானம் எறங்கப் போவுது!" என்று மூன்று தடவை விரட்டினார்கள். நாலாவது தடவை அவர் பார்சலைத் தலைவர் கையில் திணித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு சாண் நீளத்தில் விமானம்.

"என்னய்யா, இம்புட்டூண்டு இருக்கு?" தலைவரின் கை தானாக மீசைக்குப் போனது.

வார்டு உறுப்பினர் மலைக்கொழுந்து யோசிக்கிறவர். ஊரில் நடந்த பாதி விபத்துகளுக்கு அதுதான் காரணம்.

"தலைவரே, நம்ம ஊருக்கு மேல சண்டை விமானம் போயிப் பாத்திருக்கீகளா?"

"பாத்திருக்கேன்."

"எம்புட்டு இருந்துச்சு?"

"நகத்தளவு."

"இது?"

"ஒரு சாண்."

"அப்ப இது எத்தன மடங்கு பெருசு! இருக்கிறதுலயே பெரிய விமானமாப் பாத்துல்ல அனுப்பிருக்காரு அடைக்கலண்ணே!"

தலைவர் மீசையை விட்டார். கூட்டம் கைதட்டியது. இன்னொரு உறுப்பினர் பூங்காவனம் மட்டும், "இம்புட்டுப் பெருச நம்ம ரோடு தாங்குமா?" என்று கவலைப்பட்டார்.

கூடவே கடிதம் இருந்தது. 'கை படக் கூடாது. குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.'

கை படக் கூடாது என்பதால் பூங்காவனம் அடுப்படி இடுக்கியைக் கொண்டுவந்து விமானத்தைத் தூக்கினார். உயரத்துக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து, "எங்க, எட்டுங்க பாப்போம்" என்றார்கள். பீரோ மேல் வைத்தால் முக்காலி போட்டு எட்டினார்கள். வேப்பமரத்தில் வைத்தால் ஏறி வந்து எட்டினார்கள். பஸ் ஸ்டாப்பை ஒட்டிய அறுபதடித் தண்ணீர்த்தொட்டிதான் மிச்சம். மலைக்கொழுந்து இடுக்கியும் கையுமாக ஏறி, உச்சி விளிம்பில் வைத்துவிட்டு இறங்கினார்.

கீழே வந்து அண்ணாந்து பார்த்தார். விமானம் நகத்தளவு இருந்தது.

"போச்சு தலைவரே! பறந்து தூரமாப் போயிருச்சு!"

தலைவர் மூச்சிரைக்க ஏறினார். ஒரு சாண். "வந்துருச்சுய்யா!" என்று சந்தோஷமாக இறங்கினார். நகத்தளவு. மதியத்துக்குள் அந்த விமானம் நான்கு தடவை போய் நான்கு தடவை திரும்பியது.

"மாடுன்னா என்ன செய்வோம்? கட்டிப்போடுவோம்ல?" என்றார் பூங்காவனம். மாட்டுக்கயிற்றால் தொட்டிக் கம்பியோடு சேர்த்துக் கட்டினார்கள். இறங்கிப் பார்த்தால் விமானம் நகத்தளவு, கயிறு நூலளவு.

"யாத்தே! கயித்தையும் இழுத்துக்கிட்டுல்ல போயிருக்கு!"

ஆடி கடைசி நாள் சேதுக்கரசு தன் ஆட்களோடு வந்து இறங்கினார். "எங்கய்யா விமானம்?"

"பறந்துக்கிட்டிருக்கு."

"நிக்கும்னுதானய்யா சபதம் போட்ட?"

மலைக்கொழுந்து மறுபடி யோசித்தார். "ஆளு மேல போனா அது வந்துருது. ஆளு அங்கயே இருந்தா?"

தலைவர் ஏறினார். விமானத்தின் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "நிக்குதுய்யா! ஒரு சாண் நிக்குது!" என்று மேலிருந்து கத்தினார். ஊர் விசிலடித்தது. மீசை பிழைத்தது.

அப்போதுதான் பூங்காவனம் கண்ணைச் சுருக்கி மேலே பார்த்தார். "ஏய்யா, தலைவர் மொகத்துல மீசையக் காணோமே?"

எல்லாரும் பார்த்தார்கள். அறுபதடி உயரத்தில் முகமே புளியங்கொட்டை அளவுதான் இருந்தது. மீசை இல்லை. சேதுக்கரசுகூட உற்றுப் பார்த்துவிட்டு, "ஆமா, எனக்கும் தெரியல" என்றார்.

தலைவர் தொட்டுப் பார்த்தார். "இருக்குய்யா!"

"இல்ல தலைவரே! நாங்க இருநூறு பேரு பாத்துட்டுத்தான சொல்றோம்!"

வெள்ளைக்கண்ணு ஓட்டு வாங்கி ஜெயித்தவர். இருநூறு பேர் ஒரு பக்கம், தன் ஒற்றைக் கை ஒரு பக்கம் என்றால் எது பெரிது என்று அவருக்குத் தெரியும். "ஊரே இல்லேங்கிறப்ப நான் மட்டும் இருக்குன்னா நல்லாவா இருக்கும்? சலூன் சிங்காரத்த மேல அனுப்புங்க" என்றார். கத்தி படும்போது அழுதுவிட்டாராம். சிங்காரம் சொன்னது.

மறுநாள் காலைப் பஸ் வந்தது. "மீசை எடுத்த ஸ்டாப்பெல்லாம் எறங்கு!" என்று கண்டக்டர் கூவினார். ஊருக்கு ஒருவழியாகச் சொந்தப் பெயர் வந்துவிட்டது. கூரையில்லாத நிழற்குடையில் நின்று எல்லாரும் இனிப்புக் கொடுத்துக்கொண்டார்கள்.

இரண்டு மாதத்தில் மீசை திரும்ப முளைத்துவிட்டது. ஸ்டாப் பெயர் பொய்யாகிவிடுமே என்று அவசரக் கூட்டம் போட்டார்கள். தலைவர் கெஞ்சாத குறை. மலைக்கொழுந்துதான் காப்பாற்றினார்.

"அன்னைக்குச் சிங்காரம் ஏறுறதுக்கு முன்னாடியே மீசை போயிருச்சே. அப்பக் கத்தி எதுக்கு? தலைவர் மேல ஏறுனாப் போதாதா?"

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. பஸ் ஒரு நாளைக்கு ஒன்பது தடவை வருவதால் தலைவர் இப்போதெல்லாம் இறங்குவதே இல்லை. மனு கொடுக்க வருகிறவர்களைப் பூங்காவனம்தான் அண்ணாந்து பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்புகிறார்.

"தலைவர் ரொம்பத் தூரம் போயிருக்காரு. ஒரு ஆளளவு ஆனப்புறம் வாங்க."