மடியில் வைத்த பை

வைத்திலிங்கம் முப்பத்திரண்டு வருஷம் கிராம நிர்வாக அலுவலராக இருந்தவர். பட்டா, அடங்கல், வாரிசு விசாரணை என்று காகிதத்தோடு காகிதமாக வாழ்ந்து ஓய்வு பெற்றார். அறுபத்தொரு வயதில் அவருக்கு ஒரு குரு வாய்த்தார். குருவுக்கு வயது முப்பத்தெட்டு. பெயர் ஜெசிந்தா. வேன் ஓட்டுகிறவர்.

மலேசியா, மொரீஷியஸ், தென்னாப்பிரிக்கா என்று எங்கெங்கிருந்தோ பூர்வீக ஊரைத் தேடி வருகிறவர்களை ஜெசிந்தா பதினான்கு வருஷமாகக் கூட்டிப்போய்க் காட்டுகிறார். திரும்பிப் போனவர்கள் நல்ல நாள் வந்தால் முதல் போன் அவருக்குத்தான் போடுகிறார்கள். அந்த வித்தையைக் கற்றுக்கொள்ளத்தான் வைத்திலிங்கம் வந்து சேர்ந்தார். தன் மகள் வயதுக்காரரிடம் போய் நிற்க ஒரு தைரியம் வேண்டும். அது அவரிடம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஒரு நாள் கேட்டார்.

"ஜெசிந்தாம்மா, வர்றவங்க எதுக்கு வர்றாங்கன்னு நீங்க எப்படிக் கண்டுபிடிக்கிறீங்க?"

ஜெசிந்தா வேன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வியாழக்கிழமை மலேசியா ஈப்போவுலேர்ந்து ஒரு அம்மா வர்றாங்க சார். அவங்க உங்க விருந்தாளி. எங்க போகணும், என்ன காட்டணும், எல்லாம் நீங்கதான். நான் வண்டி ஓட்டுறேன்."

"சரிம்மா. ஆனா நான் கேட்டதுக்குப் பதில்..."

"சாமானையும் நீங்களே ஏத்துங்க."

இது பதிலா, வேலையா என்று அவருக்கு விளங்கவில்லை. வேலை என்றே எடுத்துக்கொண்டார்.

வந்த அம்மாள் புஷ்பவதி. அறுபத்துமூன்று வயது. பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னதாக, காலை விமானத்தில் திருச்சியில் இறங்கினார். இரண்டு பெட்டி, ஒரு தோள் பை, ஒரு துணிப்பை. வைத்திலிங்கம் பெட்டிகளையும் தோள் பையையும் டிக்கியில் ஏற்றினார். துணிப்பைக்குக் கை நீட்டினார்.

"இது இருக்கட்டும் சார்."

"மடியில எதுக்கும்மா கனம்? குடுங்க."

"இல்ல லா, இருக்கட்டும்."

வேன் புறப்பட்டதும் வைத்திலிங்கம் ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார். பதினோரு கேள்வி. அவரே தயாரித்தது. வருகையின் நோக்கம் என்ற இடத்தில் புஷ்பவதி 'பூர்வீக வீடு பார்க்க' என்று எழுதிக் கொடுத்தார். வைத்திலிங்கத்துக்கு மனசு குளிர்ந்தது. அவர் நினைத்ததும் அதையேதான்.

தஞ்சாவூர் தாண்டி ஒரு டீக்கடையில் வண்டி நின்றது. விருந்தாளி வண்டியிலேயே இருந்தார். டீயை ஆற்றிக்கொண்டே வைத்திலிங்கம் குரலைத் தாழ்த்தினார்.

"ஒரு விஷயம்மா. இவங்க தாத்தா மாரிமுத்து. ஊர் ஆலத்திடல். பழைய பதிவேடு எல்லாம் புரட்டிட்டேன். நிலம் இல்லாத ஆளு. எங்கயும் பேரே இல்ல. அவங்க இருந்த தெருவும் வெள்ளத்துல போச்சு. இப்ப அங்க கருவேலங்காடுதான் நிக்குது."

"அப்புறம்?"

"கோவிந்தன்னு ஒரு பெரியவர், நல்ல ஓட்டு வீடு. அவர்கிட்ட சொல்லி வச்சிருக்கேன். மாரிமுத்து எங்க தாத்தாவுக்குப் பங்காளி, இதுதான் அவர் இருந்த வீடுன்னு சொல்லுவாரு. அவங்களும் சந்தோஷமாப் போவாங்க."

யாருக்கும் கெடுதல் இல்லாத பொய் என்று தனக்குத் தானே சான்றிதழ் கொடுத்துக்கொண்ட முகத்தோடு நின்றார்.

ஜெசிந்தா கேட்டார்.

"எத்தனை சாமான் வந்துச்சு?"

"நாலு."

"எத்தனை ஏத்துனீங்க?"

"மூணு. அந்தத் துணிப்பையை அவங்க குடுக்கல. ரெண்டு தடவை கேட்டேன்."

ஜெசிந்தா மிச்ச டீயைக் குடித்து முடித்தார்.

"இந்த வயசுல ஒரே ஒரு தடவைதான் வருவாங்க சார்" என்றார். டம்ளரை வைத்துவிட்டு வண்டிக்கு நடந்தார்.

வேறு யாராவது இருந்தால் அங்கேயே திட்டத்தைக் கைவிட்டிருப்பார்கள். ஆனால் ஏற்பாடு செய்தாயிற்று, கோவிந்தன் வேட்டி மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். போட்ட கையெழுத்தை மாற்றிப் பழக்கமில்லாத மனுஷன் வைத்திலிங்கம். வண்டியில் ஏறினார்.

ஆலத்திடலில் கோவிந்தன் வாசலிலேயே காத்திருந்தார். வாசலில் வண்ணக்கோலம். மாலை தயாராக இருந்தது. புஷ்பவதி மாலையை வாங்கி ஒரு கையில் பிடித்துக்கொண்டார். இன்னொரு கையில் அந்தப் பை. கோவிந்தன் மனப்பாடம் செய்ததை ஒரு சொல் விடாமல் ஒப்பித்தார்.

புஷ்பவதி வீட்டை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"ஐயா, தாத்தாவுக்கு ஒரு தங்கச்சி உண்டு. அஞ்சலைன்னு. அவங்க பிள்ளைங்க யாராச்சும் இருக்காங்களா?"

கோவிந்தன் விழித்தார். வைத்திலிங்கத்தைப் பார்த்தார். வைத்திலிங்கமும் விழித்தார். தாத்தா, அப்பா, பங்காளி, பங்காளி மகன் என்று நாலு தலைமுறை ஆண்களை அவர் சொல்லிக் கொடுத்திருந்தார். பெண் என்று ஒருத்தி இருக்கக்கூடும் என்பதே அவருக்குத் தோன்றவில்லை.

கோவிந்தன் சமாளித்தார்.

"தங்கச்சியா? எங்க வம்சத்துல பொம்பளைப் புள்ளையே கிடையாதும்மா. எல்லாம் ஆம்பளைதான்."

புஷ்பவதி அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். பையை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். அழவில்லை. அழுதிருந்தால்கூட வைத்திலிங்கம் தாங்கியிருப்பார்.

அவர் திரும்பி ஜெசிந்தாவைத் தேடினார். ஜெசிந்தா வண்டியில் சாய்ந்து நின்றார். உதவிக்கு வருகிற உத்தேசம் இருப்பதாகத் தெரியவில்லை.

வைத்திலிங்கம் செருப்பைக் கழற்றிவிட்டு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"அம்மா, இது உங்க தாத்தா வீடு இல்ல. இவரு உங்க சொந்தமும் இல்ல. நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன். தப்பு என்னோடது."

புஷ்பவதி அவரை உற்றுப் பார்த்தார்.

"அப்ப பொம்பளைப் பிள்ளையே இல்லன்னு இவர் சொன்னதும் பொய்தானே?"

"பொய்தாம்மா."

"அப்ப அஞ்சலை இருந்திருக்காங்க."

அவர் முகத்தில் உயிர் வந்தது. ஏமாற்றியவரிடம் ஒருவர் இப்படிச் சந்தோஷப்பட்டு வைத்திலிங்கம் பார்த்ததில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. அதோடு, காலையிலேயே கேட்டிருக்க வேண்டியதை இப்போது கேட்டார்.

"பையில என்னம்மா?"

"சேலை. பொங்கல் சீர்." புஷ்பவதி பையைத் தடவினார். "தாத்தா வீட்டுல சொல்லாம கப்பலேறினவர். தோட்டத்துல ரப்பர் மரம் சீவுனார். ஒவ்வொரு பொங்கலுக்கும் தங்கச்சிக்குன்னு ஒரு சேலை எடுப்பார். எந்த ஊர்ல கட்டிக்கொடுத்தாங்கன்னு தெரியாது, எப்படி அனுப்ப? பக்கத்து லயத்து வீட்டுல யாருக்காவது கொடுத்திடுவார். அவருக்கு அப்புறம் அப்பா எடுத்தார். அப்புறம் என் தம்பி. தம்பி போன வருஷம் தவறிட்டான். இனிமே நான்தான்."

"அஞ்சலை இப்ப இருக்க மாட்டாங்களேம்மா."

"தெரியும் சார். கணக்குப் போட்டா தெரியாதா? இந்த ஊருக்கு ஒரு தடவை சீர் வரணும். அவ்வளவுதான்."

உள்ளேயிருந்து கோவிந்தனின் மனைவி தனபாக்கியம் வெளியே வந்தார். கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். புருஷனை ஒரு முறை முறைத்தார்.

"நான் அஞ்சலை வழி இல்லம்மா. பொய் சொல்ல மாட்டேன். நான் பொறந்தது இந்த ஊருதான், அடுத்த தெரு. எங்க அண்ணன் பம்பாய்க்குப் போனவரு. போனவருதான். எனக்குப் பொங்கல் சீர் வந்து நாப்பது வருசம் ஆச்சு."

துணிப்பையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"எங்க அண்ணனும் இப்படி எங்கயாச்சும் ஒரு சேலை எடுத்து வச்சிருப்பாரா?"

புஷ்பவதி எழுந்தார்.

"வச்சிருப்பார்" என்றார்.

பையிலிருந்து சேலையை எடுத்தார். பச்சை உடம்பு, அரக்குக் கரை. தனபாக்கியம் முந்தானையை விரித்து வாங்கினார். இரண்டு பேருமே அப்போதுதான் அழுதார்கள். கோவிந்தன் தூணைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வெறும் பையைப் புஷ்பவதி மடிக்கப் போனார். தனபாக்கியம் பிடுங்கிக்கொண்டார்.

"சீர் வந்த பையை வெறுமனே அனுப்புவாங்களா?"

இரண்டு படி பச்சரிசி, ஒரு மஞ்சள் கொத்து. விமானத்தில் மஞ்சள் கொத்தை விடுவார்களா என்று வைத்திலிங்கத்துக்கு ஒரு சந்தேகம் எழுந்தது. முப்பத்திரண்டு வருஷப் பழக்கம். ஆனால் வாயைத் திறக்கவில்லை.

மத்தியானச் சாப்பாடும் அங்கேதான். புறப்படும்போது புஷ்பவதி நேராக வைத்திலிங்கத்திடம் வந்தார். அவர் கேட்காமலே பையை நீட்டினார்.

"இதைப் பின்னால வச்சிடு தம்பி."

இரண்டு வயது மூத்தவர், சொல்லலாம். வைத்திலிங்கம் பையை இரண்டு கையாலும் வாங்கினார். டிக்கியில் பெட்டிகளை நகர்த்தி, சாயாமல் வைத்தார். மூடியபின்பும் அங்கேயே நின்றார்.

ஜெசிந்தா பக்கத்தில் வந்தார். வைத்திலிங்கம் கேட்டார்.

"உள்ள சேலைன்னு உங்களுக்குத் தெரியுமாம்மா?"

"தெரியாது சார்."

வைத்திலிங்கம் சட்டைப் பையிலிருந்து படிவத்தை எடுத்தார். வருகையின் நோக்கம்: பூர்வீக வீடு பார்க்க.

"இதை அடிச்சிட்டு வேற எழுதட்டுமா?"

"எதுக்கு? வீடுன்னு எழுதினா நமக்குப் புரியும்னு எழுதியிருக்காங்க பாவம்."

வைத்திலிங்கம் படிவத்தை மடித்தார்.

"அடுத்து யாரும்மா?"

"திங்கக்கிழமை மொரீஷியஸ்லேர்ந்து ஒருத்தர்" என்றார் ஜெசிந்தா. "சாமானை நீங்களே ஏத்துங்க."