மூன்று புள்ளிக் கெண்டைகள்

மலைக்காட்டு ஓடை ஒன்றின் நடுவே பாறை சரிந்து விழுந்து எத்தனையோ தலைமுறை ஆயிற்று. மேலே ஒரு மடு, கீழே ஒரு மடு. ஒரே கெண்டைக் கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. காலம் போகப் போக, மேல்மடுக் கெண்டைக்கு உடம்பில் மூன்று புள்ளி, கீழ்மடுக் கெண்டைக்கு இரண்டு புள்ளி என்று ஆகிவிட்டது.

மேல்மடுவில் இருந்தவை கொஞ்சம்தான். அவை தங்களுக்குள்ளேயே கூடிக் கூடி வந்ததால், குஞ்சுகள் முதுகு வளைந்து பிறந்தன. துவரி என்ற பெண்கெண்டை இரண்டு முறை முட்டையிட்டும் ஒரு குஞ்சுகூட நீந்தவில்லை. இப்போது மறுபடியும் வயிறு நிறைய முட்டை.

அந்த வருஷம் மழை கொட்டியது. தண்ணீர் பாறைக்கு மேலே ஏறியது. கீழ்மடுவிலிருந்து நீலன் என்ற ஆண்கெண்டை எம்பி எம்பிப் பாறை உச்சிக்கு வந்து நின்றான்.

“என்னோட கீழே வர்றியா? மழை விட்டா வழி போயிரும்.”

துவரிக்கு ஆசைதான். ஆனாலும், “இரு, எங்காளுங்ககிட்ட கேட்டுட்டு வர்றேன்” என்று திரும்பினாள்.

தலைவர் கருந்தலை கேட்டார்: “அவனுக்கு எத்தனை புள்ளி?”

“ரெண்டு, பெரியப்பா.”

“அப்போ நம்ம இனமே இல்லை. நம்மது சுத்த ரத்தம்.”

“பாறை விழறதுக்கு முன்னாடி?”

“முன்னாடியும் நமக்கு மூணுதான்.”

“நீங்க பார்த்தீங்களா?”

கரையோர நண்டு தலையை நீட்டியது. “நான் ரெண்டு மடுவிலயும் திரியறேன். பிறந்த குஞ்சுக்கு அங்கேயும் ஒரு புள்ளி, இங்கேயும் ஒரு புள்ளி. மத்ததெல்லாம் அப்புறம் வந்தது.”

“குறுக்கே நடக்கிறவன் பேச்சும் குறுக்கேதான் போகும்” என்றார் கருந்தலை. எல்லாரும் சிரித்தார்கள்.

துவரி விடவில்லை. “வளைஞ்ச முதுகைச் சுத்த ரத்தம்னு சொல்றீங்களே! அண்ணன் தம்பியை விட்டா இங்கே எனக்கு யாரு இருக்கா?”

ஒரு நாள் வாதாடினாள். மறுநாள் மழை விட்டதைக் கவனித்தாள்; ஆனாலும் போகவில்லை. ‘இன்னும் ஒரே ஒரு கேள்வி, மடக்கிவிடுவேன்’ என்று நினைத்தாள். மூன்றாம் நாள் கருந்தலை இறங்கி வந்தார்.

“சரிம்மா, நீ சொல்றது நியாயம்தான். போயிட்டு வா.”

துவரி பாய்ந்து போனாள். பாறை காய்ந்து கிடந்தது. உச்சியில் நீலன், எறும்பு மொய்க்க. கடைசிச் சொட்டு வற்றும்வரை நகரவே இல்லை என்றது நண்டு.

அண்ணன் தம்பிகளை அண்டவிடாமல், துவரி தனியே கூழாங்கல் இடுக்கில் முட்டையிட்டாள். ஆண் சேராத முட்டைகள்; நாலே நாளில் அத்தனையும் வெளுத்துப் பூசணம் பூத்தது.

கருந்தலை வந்து பார்த்தார். “நாங்கதான் சம்மதிச்சுட்டோமேம்மா” என்றார்.

வழியை அடைத்து நிற்பவர்களிடமே அனுமதி கேட்டு நின்றால், அனுமதி கிடைக்கும்போது வழி இருக்காது.